இரவு 2.10, தட்டு அளவு

மொட்டைமாடிக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பக்கத்துப் போர்ஷன் அக்கா கேட்டார், "ஏம்மா, தினமும் பெட்ஷீட்டா அலசிப் போடுறியே, வீட்டுல யாருக்காச்சும் முடியலையா?" நான் யோசிக்காமல், "ஆமாக்கா, அத்தைக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டேன். என் மாமியார் அந்த நேரத்தில் கீழே முருங்கைக்கீரை உருவிக்கொண்டு நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார். 8 வயது மகன் ராத்திரி படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போய்விடுகிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவன் நின்றுகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான், "அப்பாயிக்கு என்னம்மா உடம்பு?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள்தான் வேறொரு டாக்டரிடம் போனோம். அதற்கு முன்னால் மூன்று வருடம் நாங்கள் செய்ததெல்லாம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற பலர் வீட்டிலும் இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கும்.

சாயங்காலம் 6 மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது. ராத்திரி 11 மணிக்கு, நாங்கள் படுக்கப் போகும்போது, அவனைத் தூக்கி தோளில் போட்டுக்கொண்டு பாத்ரூமில் நிறுத்துவோம், அவன் கண்ணே திறக்காமல் போய்விட்டு வந்து விழுவான், அப்படியும் விடிகாலையில் மெத்தை நனைந்திருக்கும். அத்தை தினமும் ஓர் எள்ளுருண்டை கொடுத்தார். ஊரிலிருந்து மந்திரித்த தாயத்து வந்தது. அடுப்புப் பக்கம் போனாலே, "நெருப்போட விளையாடாதடா, ராத்திரி பாயில போயிடுவ" என்பார்கள். அக்காவைவிட நீ சின்னப் பிள்ளையா என்று கேட்டோம். ஒருநாள் நான் அடித்தும்விட்டேன். மாமியாரின் தங்கை வீட்டுக்கு வந்திருந்த சமயம், அவர்கள் படுத்திருந்த ஜமுக்காளம் வரை ஈரம் போய்விட்டது, அந்தக் கோபத்தில் தூக்கக் கலக்கத்தோடு இருந்த பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவன் அழவில்லை. எழுந்து, தானே போய் அலமாரியிலிருந்து வேறு ஜட்டி எடுத்துக்கொண்டான். அந்த நடை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

முதலில் பார்த்த ஒரு டாக்டர் "வளர்ந்தா தானா சரியாயிடும்" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார். அது பொய் இல்லை. 5 வயதில் 100 குழந்தைகளில் 15 முதல் 20 பேருக்கு இது இருக்கும், 7 வயதில் 5 முதல் 10 பேருக்கு இருக்கும், அதன்பின் எந்த வைத்தியமும் இல்லாமலே ஒவ்வொரு வருடமும் 100ல் ஏறக்குறைய 15 பேருக்குத் தானாக நின்றுவிடும். ஆனால் அந்தக் கணக்கையே திருப்பிப் பார்த்தால், மிச்சம் 85 பேர் இன்னும் ஒரு வருடம் நனைந்த படுக்கையில்தான் எழுந்திருக்கப்போகிறார்கள். 8 வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது எவ்வளவு நீளம் என்று அந்த ஒரு வரியில் இல்லை. 40 பேர் இருக்கிற இரண்டாம் வகுப்பில் இரண்டு முதல் நான்கு பிள்ளைகளுக்கு இது இருக்கும் என்று எனக்கு யாராவது அப்போதே சொல்லியிருந்தால் மொட்டைமாடியில் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் வயதானவர், அவசரப்படாதவர். முதலில் அவனிடம் பேசினார். பகலில் அவசரமாக வருமா, எரிச்சல் இருக்கா, தாகம் அதிகமா, குறட்டை விடுவானா, ரெண்டுக்கு தினமும் போகிறானா, இடையில் எப்போதாவது ஆறு மாதம் நனைக்காமல் இருந்து மறுபடி ஆரம்பித்ததா. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது என்று அப்புறம் புரிந்தது. ஒருமுறை நன்றாக நின்று, ஆறு மாதம் கழித்துத் திடீரென்று திரும்ப வந்தால் அது வேறு விஷயம். சர்க்கரை நோய், சிறுநீரில் கிருமி, வீட்டிலோ பள்ளியிலோ ஏதோ ஒரு பயம் என்று தேட வேண்டும். எங்கள் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்து ஒரு வாரம்கூடத் தொடர்ந்து காய்ந்த படுக்கை இருந்ததில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினா உங்களுக்குக் கோபம் வருமாம்மா?"

நான் வராது என்று சொல்லவில்லை. வரும் சார் என்றேன். வந்திருக்கிறது என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டு, அப்போ அலாரத்தை இப்ப ஆரம்பிக்க வேண்டாம், ஒரு மாசம் வேற சில வேலை இருக்கு, அதை முடிச்சிட்டு வாங்க என்றார். ஈரம் பட்டதும் அடித்து எழுப்புகிற அலாரம் என்று ஒன்று இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அந்த ஒரு மாத வேலையில் முதலாவது, இரண்டு நாள் அவன் ஒண்ணுக்குப் போவதை எல்லாம் அளவுக் குவளையில் பிடித்து எழுதுவது. சனி ஞாயிறில் செய்தோம். வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் அந்த வயதுக்குச் சிறுநீர்ப்பை பிடிக்க வேண்டிய அளவு மில்லிலிட்டரில் கிடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், 8 வயதுக்கு 270. இவனுக்கு அதிகபட்சம் வந்தது 170. இன்னொரு விஷயம், பையனுக்கு மலச்சிக்கல் இருந்தது, எனக்கே தெரியாது. 8 வயதானபின் யார் பின்னால் போய்ப் பார்க்கிறோம்? குடல் நிறைந்து இருந்தால் அது பக்கத்தில் இருக்கிற சிறுநீர்ப்பையை அமுக்கும், பைக்கு விரிய இடம் இருக்காது. வாழைப்பழம், கீரை, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து என்று அதைச் சரி செய்யவே மூன்று வாரம் ஆனது. அதிலேயே வாரத்துக்கு ஒரு ராத்திரி காய்ந்த படுக்கை வந்துவிட்டது.

இரண்டாவது தண்ணீர். அவனுடைய பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில் தினமும் கழுத்து வரை நிறைந்தபடியே திரும்பி வரும். ஏன்டா குடிக்கல என்று திட்டுவேன், அவ்வளவுதான். உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டபோதுதான் சொன்னான், தண்ணீர் குடித்தால் ஒண்ணுக்கு வரும், அங்கே பாத்ரூம் நாறும், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் குடிப்பதில்லை. காலை 8 மணிக்குப் போகிற பிள்ளை மாலை 4 மணிவரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் செம்பு செம்பாகக் குடிக்கிறான். நாங்கள் 6 மணிக்குச் செம்பைப் பிடுங்கிவிடுகிறோம். பிள்ளை நாளெல்லாம் தாகத்தோடு இருந்திருக்கிறான்! கேரளத்தில் 2019ல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க என்றே மணி அடிக்க ஆரம்பித்தார்கள், வாட்டர் பெல் என்று. மணி அடிப்பது நல்லதுதான், ஆனால் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிற கழிப்பறை இல்லாமல் எந்தப் பிள்ளையும் அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவதில்லை. வகுப்பாசிரியையிடம் போய்ப் பேசினேன். வகுப்பு நடக்கும்போது கேட்டாலும் அனுப்புகிறேன், பெரியவர்கள் பக்கத்துக் கழிப்பறைக்குப் போகட்டும் என்றார். நல்ல மனுஷி. காலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, மதியம் அதே அளவு, சாயங்காலத்துக்கு மேல் மிச்சம் கொஞ்சம் என்று தண்ணீரைப் பிரித்தோம். ராத்திரிச் சாப்பாட்டோடு அவனுக்குப் பழக்கமான டீயை நிறுத்தினோம்.

மூன்றாவது வேலை எங்களுக்கு. இது சோம்பல் இல்லை என்று எங்களுக்கே புரிய வைப்பது. பெரியவர்களுக்கு ராத்திரியில் மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரந்து சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும், சில பிள்ளைகளுக்கு அந்த ஏற்பாடு தாமதமாக வருகிறது. பை சின்னதாக இருக்கலாம், அல்லது தூங்கும்போது நிறையும் முன்னரே சுருங்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பை நிறைந்துவிட்டது என்ற செய்தி போனாலும் மூளை விழிப்பதில்லை. 1997ல் கனடாவில் ஓர் ஆய்வில் தூங்கும் சிறுவர்களின் காதில் பெரிய சத்தத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையை நனைக்காத பிள்ளைகள் 100 தடவைக்கு ஏறக்குறைய 40 தடவை விழித்தார்கள், நனைக்கிற பிள்ளைகள் 10 தடவைகூட விழிக்கவில்லை. "எருமை மாதிரி தூங்குறான்" என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்தது அவனுடைய நோய்க்குறியை.

பரம்பரை பற்றியும் டாக்டர் கேட்டிருந்தார். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் சின்ன வயதில் இது இல்லை என்றால் பிள்ளைக்கு வர 100ல் 15 வாய்ப்பு, ஒருவருக்கு இருந்திருந்தால் 44, இருவருக்கும் என்றால் 77. 1995ல் டென்மார்க்கில், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 13ஆவதில் இதோடு தொடர்புள்ள ஓர் இடத்தையே தேடி அடையாளம் கண்டிருக்கிறார்கள். எங்க வீட்ல யாருக்கும் இல்ல சார் என்று நான் சொன்னேன், என் கணவர் பேசாமல் இருந்தார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அத்தை கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் தம்பி, நீ சொல்லலையா?" என்றார். என் கணவருக்குப் பத்தாம் வகுப்பு வரை இது இருந்திருக்கிறது. விடுதியில் சேர்த்து இரண்டே மாதத்தில் திரும்பி வந்துவிட்டாராம், வீட்டில் எல்லாரிடமும் சாப்பாடு பிடிக்கவில்லை என்று சொன்னாராம். கல்யாணமாகி 13 வருடத்தில் எனக்கு அந்த விஷயம் தெரியாது. அன்று ராத்திரி அவர் மகன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு ரொம்ப நேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை மெத்தை நனைந்துதான் இருந்தது, ஆனால் பையன் அதை மறைக்கவில்லை, "அம்மா, நனைஞ்சிருச்சு, எடுத்துப் போடலாமா" என்று வந்து நின்றான். எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

பொங்கல் முடிந்து அலாரம் வாங்கினோம். ஆன்லைனில்தான், ₹3,000க்கு உள்ளே. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா ஒன்று, அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர், ஒயர் நுனியில் துணிக்கு மாட்டுகிற மாதிரி ஒரு கிளிப். கிளிப்பை ஜட்டியின் முன்பக்கம், முதலில் ஈரம் படுகிற இடத்தில் மாட்ட வேண்டும், ஒயரை பனியனுக்கு உள்ளே விட்டுத் தோள்பட்டையில் டப்பாவைக் குத்திவிட வேண்டும். உள்ளே சூட்சுமம் எதுவும் இல்லை. கிளிப்பில் இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன, சிறுநீரில் உப்பு இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும், நான்கு சொட்டு பட்டாலே இரண்டுக்கும் பாலம் போட்டாற்போல் ஆகி, டப்பா காதுக்குப் பக்கத்தில் கத்தும், அதிரவும் செய்யும். அத்தை முதலில் கேட்டது, "ஷாக் அடிக்காதாம்மா?" டிவி ரிமோட்டில் போடுகிற பேட்டரிதான் இதிலும் என்று கழற்றிக் காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார்.

இது புதிதாக வந்தது என்று நான் நினைத்தேன், நூறு வருடம் தாண்டிய யோசனை. 1904 வாக்கில் ஃபௌண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், எந்தப் பிள்ளை நனைத்தது என்று நர்சுகளுக்கு உடனே தெரிய வேண்டும், துணி மாற்ற வேண்டும் என்பதற்காக மட்டும் படுக்கையில் ஒரு மணியை வைத்தார். கொஞ்ச நாளில் அந்தப் படுக்கையில் இருந்த பிள்ளைகள் நனைப்பதே குறைந்துபோனதைப் பார்த்தார். நர்சுக்கு அடித்த மணி பிள்ளைக்கு வேலை செய்திருக்கிறது. அப்புறம் 1938ல் அமெரிக்காவில் மௌரர் என்ற உளவியலாளரும் அவர் மனைவியும் 30 பிள்ளைகளிடம் முறையாகச் செய்து பார்த்து எழுதினார்கள், அதிலிருந்துதான் இது வைத்தியமாகப் பரவியது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடுகிற நைஸ் (NICE) அமைப்பு 2010ல் கொடுத்த வழிகாட்டுதலில் தண்ணீர், கழிப்பறைப் பழக்கம் எல்லாம் சரி செய்தும் நிற்காத பிள்ளைகளுக்கு முதலில் அலாரத்தைத்தான் சொல்கிறார்கள்.

முதல் ராத்திரிக்கு முன்னால் ஒத்திகை பார்த்தோம். அவன் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வான், நான் ஈரக் கையால் கிளிப்பைத் தொடுவேன், டப்பா கத்தும், எழுந்து அவனே அணைத்துவிட்டு பாத்ரூம் போய் வருவான். நான்கைந்து முறை. அவனுக்கு அது விளையாட்டாகவே இருந்தது. ரகசிய வார்த்தை ஒன்றும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். படுக்கும்போது ஒரு வார்த்தை பேசிக்கொள்வது, ராத்திரி எழுப்பியதும் அதைக் கேட்பது, சொன்னால்தான் முழுசாக விழித்திருக்கிறான் என்று அர்த்தம். முதல் வார்த்தை அவன் தேர்ந்தெடுத்தது "மலைக்கோட்டை".

ராத்திரி 2.10க்கு அடித்தது. நான் எழுந்தேன், கணவர் எழுந்தார், பக்கத்து அறையில் மகள் எழுந்தாள், ஹாலில் அத்தை எழுந்து லைட்டைப் போட்டார். இவன் மட்டும் எழவில்லை. தோளில் அந்த டப்பா சிவப்பு விளக்கோடு கத்திக்கொண்டிருக்கிறது, பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்குகிறான். உட்கார வைத்து, முகத்தில் தண்ணீர் தடவி, அவன் விரலைப் பிடித்தே பொத்தானை அமுக்கி அணைத்து, நடத்திக் கூட்டிப்போய், வார்த்தையைக் கேட்டால், "நாளைக்கு லீவா?" என்கிறான். மெத்தையில் ஈரம் பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவு. துணி மாற்றி, கிளிப்பைத் துடைத்து மறுபடி மாட்டி, படுக்கும்போது மணி 2.40.

சமையலறையில் தொங்கிய மாதக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் பென்சிலால் எழுதினேன்: 2.10, தட்டு.

அதுதான் வழக்கமானது. பலபேர் முதல் வாரத்திலேயே "எங்க பிள்ளை இதுக்கெல்லாம் எந்திரிக்க மாட்டான்" என்று அலாரத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள், எந்திரிக்க மாட்டான் என்பதற்காகத்தானே இதை வாங்குகிறோம்! ஆரம்பத்தில் அந்த மணி நமக்கு. நாம் ஓடிப்போய் அவனை முழுசாக எழுப்பி, அவன் காலால் நடக்க வைத்து, அவன் கையால் அணைக்க வைக்க வேண்டும். அப்படியே தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினால் பழைய 11 மணிக் கதைதான், படுக்கை காயலாம், பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஈரத் துணியை அவனும் சேர்ந்து எடுத்து வாளியில் போடட்டும், தண்டனையாக இல்லாமல், சேர்ந்து செய்கிற வேலையாக. ஸ்டார் ஒட்டுவதென்றால் காய்ந்த ராத்திரிக்கு ஒட்டாதீர்கள், அது அவன் கையில் இல்லை. மணி அடித்ததும் எழுந்ததற்கு, பாட்டில் தண்ணீரைக் குடித்ததற்கு, படுக்கும் முன் போய் வந்ததற்கு ஒட்டுங்கள். தூக்கத்தில் தன்னை அறியாமல் நடக்கிற விஷயத்துக்குப் பரிசு வைத்தால், கிடைக்காத ராத்திரி எல்லாம் அவனுக்குத் தோல்வியாகத் தெரியும்.

நானும் கணவரும் முறை வைத்துக்கொண்டோம், ஒருவர் ஒரு ராத்திரி. வேலைக்குப் போகிற இரண்டு பேரும் இப்படி எழுந்தால் என்ன ஆகும் என்று தெரியும்தானே. மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, ஒரே ராத்திரியில் 12.50க்கும் 4.15க்கும் இரண்டு தடவை அடித்தது. மகளுக்கு மறுநாள் பரீட்சை, அவள் அழ ஆரம்பித்தாள். எனக்குள் அந்தப் பழைய சூடு ஏறுவது தெரிந்தது, கைகூட லேசாக நடுங்கியது. டாக்டர் கேட்ட கேள்வி அப்போதுதான் உறைத்தது. கணவரை எழுப்பி, நீங்க போங்க, என்னால இப்ப முடியாது என்று சொல்லிவிட்டு சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த நைஸ் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது, பெற்றோருக்குப் பிள்ளைமேல் கோபமோ குற்றம் சொல்கிற மனநிலையோ இருந்தால் அந்தச் சமயத்தில் அலாரம் வேண்டாம் என்று. ராத்திரி தனியாக எழுந்து எல்லாம் செய்ய வேண்டிய அம்மாக்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீடு, இவர்கள் இதைச் செய்ய முடியவில்லை என்றால் அது குறை இல்லை. வேறு வழி இருக்கிறது, தள்ளிப்போடவும் செய்யலாம்.

மறுநாள் காலை காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், விட்டுவிடலாமா என்ற யோசனையோடு. வரிசையாகப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முதல் வாரம்: 2.10 தட்டு, 1.30 தட்டு, 1.45 தட்டு, 2.20 தட்டு. மூன்றாவது வாரம்: 3.30 சாஸர், 4.05 சாஸர், 3.50 உள்ளங்கை. நனைகிற ராத்திரிகளின் எண்ணிக்கை குறையவே இல்லை, அதனால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நேரம் தள்ளிப்போயிருக்கிறது, ஈரம் சுருங்கியிருக்கிறது, அதாவது மணி அடித்த உடனே பாதியில் அடக்கிக்கொள்கிறான். டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னபோது, நாலு வாரத்துல பார்க்க வேண்டிய அறிகுறியே அதுதாம்மா, அப்படி ஒண்ணுமே மாறலைன்னாதான் நிறுத்தி யோசிக்கணும் என்றார். பென்சிலால் எழுதி வைக்கவில்லை என்றால் நான் அன்றே அந்த டப்பாவை அலமாரியில் போட்டிருப்பேன்.

ஐந்தாவது வாரம் ஒரு ராத்திரி மணி அடித்து நான் போய்ச் சேர்வதற்குள் சத்தம் நின்றுவிட்டது. பாத்ரூம் லைட் எரிந்தது. நான் கதவுப் பக்கம் போனதும் உள்ளிருந்தே சொன்னான், "காவேரிப் பாலம்மா." அன்றைய வார்த்தை அது, நான் இன்னும் கேட்கவே இல்லை. ஜட்டியில் ஒரு ரூபாய்க் காசு அளவு ஈரம், பெட்ஷீட் காய்ந்தே இருந்தது.

பங்குனி வெயில் தொடங்கியதும் புதுத் தொல்லை, வியர்வை. திருச்சியில் அந்த மாதம் ராத்திரி ஃபேன் காற்றே சூடாக வரும். வியர்வையிலும் உப்பு இருக்கிறதே, அலாரம் சும்மா சும்மா அடித்தது. பையன் எழுந்து பார்த்தால் ஒன்றும் இல்லை, வெறுத்துப்போனான். ஒரு ஜட்டி போட்டு அதற்கு வெளிப்பக்கம் கிளிப்பை மாட்டி, மேலே இன்னொரு ஜட்டி போட்டோம், தோலில் படாமல் நடுவில் இருந்துகொண்டது. கிளிப்பைத் தினமும் கழுவித் துடைத்துக் காய வைக்கவும் வேண்டும், உப்பு படிந்தால் அதுவே பொய் மணி அடிக்கும்.

எட்டாவது வாரத்திலிருந்து காலண்டரில் வெறும் கட்டங்கள் வர ஆரம்பித்தன. ஒன்றும் எழுத வேண்டாத ராத்திரிகள். தொடர்ந்து 14 வந்தால் நிறுத்தலாம் என்பது கணக்கு, ஒன்பதாவதில் ஒருமுறை உடைந்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினோம், 14 முடிந்தபோது மொத்தம் 11 வாரம் ஆகியிருந்தது. நான் எதிர்பார்க்காத விஷயம், அவன் ராத்திரி எழுந்து போகவே இல்லை, நேராகக் காலை வரை தூங்கினான். எழுந்து போகப் பழக்குகிறது அலாரம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், ஆனால் இதில் சரியாகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்படித்தான், காலை வரை பிடித்துக்கொள்ளப் பை கற்றுக்கொள்கிறது. குவளையில் அளந்து பார்த்தோம், 170 இருந்த இடத்தில் 250 வந்தது.

அதன் பிறகு டாக்டர் சொன்னதைக் கேட்டு எனக்குப் பக்கென்றது. படுக்கும் முன் அரை டம்ளர் தண்ணீர் குடிக்கக் கொடுங்க, பழகினதும் இன்னும் கொஞ்சம், அலாரம் மாட்டியபடியே. மூன்று வருடம் செம்பை ஒளித்து வைத்த வீட்டில்! இப்படிக் கொஞ்சம் கஷ்டமாக்கிப் பழக்கினால் பிறகு திரும்ப வருவது குறையுமாம். இரண்டு ராத்திரி நனைந்தது, அப்புறம் நின்றது.

எல்லாருக்கும் இது பலிக்காது. முறையாகச் செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குப் பலிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம், அதிலும் சிலருக்குத் திரும்ப வரும். எங்களுக்கும் ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் மூன்று ராத்திரி நனைந்தது. பையன் முகம் அப்படியே விழுந்துவிட்டது. உடனே அலாரத்தை எடுத்து மாட்டினோம், இந்த முறை 16 நாளில் முடிந்துவிட்டது. மாத்திரையும் இருக்கிறது, டெஸ்மோபிரெசின், அந்த ராத்திரி ஹார்மோனின் வேலையைச் செய்வது. வெளியூர், கல்யாணம், சுற்றுலா என்றால் கைகொடுக்கும், ஆனால் சாப்பிடும்வரைதான், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். அதைச் சாப்பிட ஒரு மணி நேரம் முன்னாலிருந்து எட்டு மணி நேரம் கழித்து வரை தண்ணீரை நன்றாகக் குறைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புவரை போகும். அதனால் டாக்டர் சொல்லாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

தை மாதம் என் தம்பி கல்யாணம், மண்டபத்தில்தான் எல்லாரும் படுக்கை. சித்தப்பா பிள்ளைகள், மாமா பிள்ளைகள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே ஜமுக்காளத்தில். முன்பெல்லாம் இப்படி விசேஷம் என்றால் இவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி நாங்கள் யாராவது ஒருவர் அவனோடு வீட்டில் இருந்துவிடுவோம். இந்த முறை நடுவில் போய்ப் படுத்துக்கொண்டான். நான் தூங்கவில்லை. நாதஸ்வரக்காரர்கள் வந்து இறங்கும்போது மணி ஐந்து இருக்கும், பிள்ளைகளை எல்லாம் எழுப்பினார்கள், இவன் எழுந்து அந்த ஜமுக்காளத்தை மாமா பையனோடு சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் மாடியில் அந்த அக்காவிடம் நானே விஷயத்தைச் சொன்னேன், அத்தைக்கு அன்று ஒன்றும் இல்லை, பையனுக்குத்தான் என்று, அவன்கிட்டே கேட்டு அவன் சரி என்ற பிறகுதான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, என் பேத்திக்கும் இதேதான் தங்கச்சி, பத்து வயசு, என்றார். பெண் பிள்ளை என்பதால் மகள் வெளியில் மூச்சு விடவில்லையாம்.

கீழே போய் டப்பாவை எடுத்து வந்து கொடுத்தேன். கிளிப்பும் ஒயரும் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொன்னேன், முதலில் டாக்டரிடம் காட்டி மலச்சிக்கல் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னேன். போன வருடக் காலண்டரின் அந்த மூன்று தாள்களையும் கிழித்துக் கூடவே கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் தாளைப் படித்தார், "2.10, தட்டு... இது என்னம்மா கணக்கு?" கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, உட்காருங்கக்கா சொல்றேன் என்றேன்.